பாலை மணலில் சாண்ட் வெர்பினாவைச் சரியாக அடையாளம் காண: முழுமையான வழிகாட்டி

தென் கலிபோர்னியாவின் பாலை நிலத்தில் நல்ல மழை பெய்த வருடம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மணல் தரை முழுக்க ஊதா கலந்த ரோஜா நிறத்தில் படர்ந்து கிடக்கும் செடிதான் டெசர்ட் சாண்ட் வெர்பினா. அறிவியல் பெயர் அப்ரோனியா வில்லோசா. கலிபோர்னியாவின் தென்கிழக்கு, நெவாடாவின் தெற்கு முனை, அரிசோனாவின் மேற்குப் பகுதி, எல்லை தாண்டி மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா, சொனோரா என்று இதன் சொந்த மண் பரந்து கிடக்கிறது.

சான் டியேகோ, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் பூக்காலத்தில் குடும்பத்தோடு பார்க்கப் போகிறார்கள். புதிதாக வருபவர்களோடு போகும்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றுதான்: காரிலிருந்து இறங்கி நிறத்தைப் பார்த்த உடனே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அதே நிறத்தில், அதே நிலத்தில், அதே மாதத்தில் பூக்கும் வேறு செடிகள் இருக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் மண், கிடப்பு, இலை, பசை, கொத்து, குழாய், காய் என்ற வரிசையில் போகிறோம். நிறம் கடைசியில்தான் வரும். வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் சில செடிகளைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த படிக்கு அனுப்புகிறது.

1. கிளம்புவதற்கு முன்

முதலில் வருடம் சரியா என்று பாருங்கள். இது ஒரு பருவச் செடி. விதை மணலுக்குள் கிடக்கும், இலையுதிர் காலக் கடைசியிலும் குளிர்காலத்திலும் போதுமான மழை விழுந்தால்தான் முளைக்கும். 2017, 2019 மாதிரி வருடங்களில் பாலை முழுக்கப் பூத்து ஜனம் அலைமோதியது. மழை தவறிய வருடத்தில் அதே இடத்தில் வெறும் மணல்தான். மழை இல்லாத வருடம் போய்விட்டு "இங்கே இந்தச் செடியே கிடையாது" என்று முடிவு கட்ட வேண்டாம்.

இடம் என்றால், முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆன்சா பொரேகோ பாலைவன மாநிலப் பூங்காதான். சான் டியேகோவிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊரை ஒட்டிய ஹெண்டர்சன் கேன்யன் ரோடு, கொயோட்டி கேன்யன் வாய்ப்பகுதி, இந்த இரண்டிலும் மணல் பரப்பு சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மொஹாவி தேசியப் பாதுகாப்புப் பகுதியின் கெல்சோ மணல்மேடுகளின் சுற்றுப்புறம், கோச்செல்லா பள்ளத்தாக்கின் மணல்வெளிகள், இவையும் நல்ல இடங்கள். தாழ்வான இடங்கள் முதலில் பூக்கும், ஏற ஏறத் தாமதமாகும். ஏப்ரலில் பொரேகோவில் எல்லாம் காய்ந்துவிட்டது என்றால் மொஹாவி பக்கம் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் சின்ன ஸ்கேல், உள்ளங்கை அளவு கறுப்பு அட்டை, குறிப்பு நோட்டு, பேனா, போன். கறுப்பு அட்டை எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். பாலை மணல் வெள்ளையாகப் பளபளக்கும், அந்தப் பின்னணியில் பூவின் மெல்லிய குழாய் படத்தில் கரைந்து போகும். அட்டையைப் பின்னால் பிடித்தால் ஒவ்வொரு முடியும் தெரியும்.

அகலப் பல் சீப்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சோயா (cholla) என்கிற கள்ளிச்செடியின் முள்ளுருண்டை செருப்பிலோ கணுக்காலிலோ ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்கக் கூடாது, கையிலும் ஏறிவிடும். சீப்பை உள்ளே கொடுத்து ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளுக்கு நாலு லிட்டர். இதில் சமரசமே வேண்டாம், மார்ச் மாத வெயில்கூட அங்கே ஆளைச் சாய்க்கும். பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தையும் அடையாளக் குறிப்புகளையும் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் மணலைத் தேடுங்கள்

சாண்ட் வெர்பினாவுக்கு இறுகாத மணல் வேண்டும். காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடு, மேட்டுக்கு நடுவே உள்ள தட்டை நிலம், மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாற்றுப் படுகை (அங்கே இதை வாஷ் என்பார்கள்), இந்த மூன்றில்தான் அது கூட்டமாக வரும். உயரம் பெரும்பாலும் 1000 மீட்டருக்குக் கீழே.

நின்ற இடத்தில் ஒரு விரலைத் தரையில் குத்திப் பாருங்கள். விரல் எளிதாக இறங்கி, எடுத்ததும் குழி தானாகச் சரிந்து மூடினால் சரியான இடம். சிறு கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்து தளம் போட்டதுபோல் இறுகிக் கிடக்கிற பாலைத் தரையிலோ பாறைச் சரிவிலோ இருந்தால், அங்கே தெரியும் ரோஜா நிறப் பூ வேறு எதுவோவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. ஆனால் வருகிறவர்கள் பூவை நோக்கி ஓடுவதால் தரையைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. மணல்வெளி முழுக்க உயரமான, கிளை பரப்பிய, சின்ன வெளிர்மஞ்சள் பூக்கள் வைத்த கடுகுச் செடி நிறைந்திருந்தால் அது சகாரா கடுகு. வெளியிலிருந்து வந்து பரவிய செடி. ஈரத்தையும் வெளிச்சத்தையும் முந்திப் பிடித்துக்கொண்டு மண்ணுக்குரிய பூச்செடிகளை அமுக்கிவிடுகிறது. பொரேகோவில் தன்னார்வலர்கள் குனிந்து குனிந்து அதைப் பிடுங்குவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. அப்படிக் கடுகு மூடிய இடத்தில் தேடி நேரத்தைக் கழிக்காமல் வெறும் மணல் தெரிகிற அடுத்த துண்டுக்குப் போங்கள்.

நடக்கும்போது ஏற்கெனவே இருக்கும் தடத்திலேயே காலை வையுங்கள். பூத்த செடி கண்ணுக்குத் தெரியும், அதைச் சுற்றியுள்ள சின்ன நாற்று தெரியாது. சைட்வைண்டர் என்கிற கிலுகிலுப்பை விரியனும் இதே மணலில்தான் புதைந்து படுத்திருக்கும், அதனால் புதரடியில் பார்க்காமல் கை நீட்டக் கூடாது.

3. பத்தடி தள்ளி நின்று கிடப்பைப் பாருங்கள்

கிட்டே போவதற்கு முன் செடி எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே வேரிலிருந்து பல தண்டுகள் எல்லாத் திசையிலும் தரையோடு தரையாக ஓடுகின்றனவா? நன்றாக வளர்ந்த செடியில் ஒரு தண்டு முக்கால் மீட்டர், சில சமயம் அதற்கும் மேல் ஓடும். தண்டு பெரும்பாலும் சிவப்போடியிருக்கும். பூக்கொத்துகள் மட்டும் காம்பில் நிமிர்ந்து, செடிக்குச் சற்று மேலே நிற்கும்.

இதைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல வருடத்தில் செடிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடக்கும், கிட்டே உட்கார்ந்துவிட்டால் ஒரு செடியின் இலையையும் பக்கத்துச் செடியின் பூவையும் சேர்த்து ஒரே செடியாகக் கணக்கில் எடுத்துவிடுவோம். புதியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கூட்டத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள், அதன் வேர்மையம் எங்கே என்று கண்டுபிடியுங்கள், இனி எல்லாப் படிகளையும் அந்த ஒரே செடியில் செய்யுங்கள்.

தண்டு நேராக நிமிர்ந்து புதர்போல் நின்றால் சந்தேகப்படுங்கள்.

4. இலை ஜோடி

இப்போது குனியலாம். தண்டில் ஒரு கணுவைப் பிடித்துப் பாருங்கள். பறிக்க வேண்டாம், மெல்லத் திருப்பினால் போதும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும், அந்த ஜோடியில் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருக்க வேண்டும். இலை சற்றே தடிப்பாக, முட்டை வடிவம் முதல் மழுங்கிய முக்கோணம் வரை, ஓரத்தில் பல் வெட்டு இல்லாமல், லேசாக நெளிந்து இருக்கும். நீளம் பெரும்பாலும் 1 முதல் 5 சென்டிமீட்டர்.

ஜோடியில் சமமின்மை நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய விஷயம்தான், பெயர் தெரியாமல் பார்த்திருப்போம். வேலியோரம் படரும் மூக்கிரட்டைக் கீரையைப் பறித்தவர்களுக்குத் தெரியும், ஒரு கணுவில் ஒரு இலை பெரிதாகவும் எதிர் இலை சின்னதாகவும் இருக்கும். சாண்ட் வெர்பினாவும் மூக்கிரட்டையும் ஒரே குடும்பம், அந்திமந்தாரைக் குடும்பம். வீட்டு வாசலில் வைக்கிற காகிதப்பூவும் இதே குடும்பத்தில்தான் வருகிறது. பெயரில் வெர்பினா இருந்தாலும் வெர்பினா குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதனால் கையேட்டில் வெர்பினா பக்கத்தைப் புரட்டித் தேடினால் கிடைக்காது. அந்திமந்தாரைக் குடும்பத்தில் தேடுங்கள்.

பூ வராத செடியை அடையாளம் காண இந்தப் படிதான் முக்கியம். இதே மணலில் கூடவே வளரும் டியூன் ஈவினிங் பிரிம்ரோஸ் என்கிற வெள்ளைப் பூச்செடியும் இளசாக இருக்கும்போது தரையில் ஒட்டிக் கிடக்கும், பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். பிரிம்ரோஸின் இலைகள் ஜோடியாக வராது, மாறி மாறி வரும், மொட்டுகள் தலைகுனிந்து தொங்கும். கணுவைப் பார்த்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

ரொம்பச் சின்ன நாற்று கிடைத்தால் இன்னொரு அடையாளமும் உண்டு. இரட்டை விதையிலைச் செடிதான் என்றாலும் அப்ரோனியாவில் ஒரு விதையிலை வளராமலே போய்விடும், முளை வரும்போது ஒற்றை இலைதான் தெரியும். இதைப் பார்த்துவிட்டுப் புல் இனமோ என்று நினைத்துவிட வேண்டாம்.

5. பசையும் ஒட்டிய மணலும்

தொடுவதற்கு முன் லென்ஸால் பாருங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் இதே பாலையில் ஃபசீலியா என்கிற ஊதாப் பூச்செடிகள் இருக்கின்றன, அவற்றிலும் சுரப்பி முடிகள் உண்டு, சில வகைகளைத் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிப்பு பல நாள் விடாது. ஃபசீலியாவின் பூக்கொத்து தேள் கொடுக்கு மாதிரி சுருண்டிருக்கும், ஒரு பக்கமாகவே பூக்கள் வரிசை கட்டும். அப்படிச் சுருள் தெரிந்தால் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருள் இல்லையென்றால் தண்டையும் இலையையும் லென்ஸில் பாருங்கள். நீண்ட மெல்லிய முடிகள், சில முடிகளின் நுனியில் பசைத்துளி, அந்தப் பசையில் ஒட்டிய மணல் துகள்கள். நன்றாக வளர்ந்த செடியில் தண்டின் அடிப்பக்கம் மணல் பூசியதுபோலவே இருக்கும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டும்.

புதியவர்கள் பலரும் இதை அழுக்கு என்று ஊதித் துடைக்கப் பார்க்கிறார்கள். செய்யாதீர்கள். ஒட்டிய மணல் செடிக்குக் காவல். கலிபோர்னியா கடற்கரையில் வளரும் மஞ்சள் சாண்ட் வெர்பினாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணலைக் கழுவி எடுத்துப் பார்த்து 2016இல் எழுதினார்கள், மணல் நீக்கிய செடிகளைப் பூச்சிகளும் பிற உயிர்களும் கூடுதலாகத் தின்றிருந்தன. மணலைக் கடிக்க எதற்கும் பிடிக்காது.

இந்தப் படியின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மணல் ஒட்டியிருப்பது நல்ல சாட்சி, முடிவான சாட்சி ஆகாது. அதே மணலில் பசையுள்ள வேறு செடிகளிலும் மணல் ஒட்டும். இதை வைத்து மட்டும் பெயர் எழுதக் கூடாது.

6. பூக்கொத்தை அடியிலிருந்து பாருங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் பல செடிகளின் கொத்து ஒன்றுபோலத் தெரியும், வித்தியாசம் எல்லாம் பக்கவாட்டிலும் அடியிலும்தான் இருக்கிறது. முழங்கால் போட்டு, முகத்தைத் தரைக்கு இறக்கி, பக்கத்திலிருந்து பாருங்கள்.

இலைக் கக்கத்திலிருந்து ஒரு நீளமான காம்பு வரும். அதன் நுனியில் எல்லாப் பூக்களும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பியதுபோல் குடை விரித்து நிற்கும். ஒரு கொத்தில் பொதுவாக 15 முதல் 35 பூக்கள். கொத்தின் அடியில் மெல்லிய, காகிதம் மாதிரியான செதில்கள் வட்டமாக இருக்கும், பெரும்பாலும் ஐந்து. காகிதப்பூவில் இந்தச் செதில்கள்தான் பெரிதாகி நிறம் ஏறிப் பூ என்று நம்மை ஏமாற்றுகின்றன. சாண்ட் வெர்பினாவில் செதில் சின்னதாக அடங்கிவிடுகிறது, நிறம் காட்டுவது பூவேதான்.

கொத்தில் எத்தனை பூ என்று எண்ணிப் பாருங்கள், தோராயமாக எண்ணினால் போதும். மூன்று மட்டும் வந்தால் நீங்கள் பார்ப்பது அல்லியோனியா. ட்ரெய்லிங் விண்ட்மில்ஸ் என்பார்கள். இதுதான் இருப்பதிலேயே கெட்டிக்காரக் குழப்பம், ஏனென்றால் இதுவும் அந்திமந்தாரைக் குடும்பம், இதுவும் தரையில் படரும், இதுவும் பசை, இலை ஜோடியிலும் அதே சமமின்மை, நிறமும் அதே. ஆனால் மூன்று பூக்கள் சேர்ந்து ஒரே பூவைப் போல வட்டமாக நிற்கும். ஒவ்வொரு பூவும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. லென்ஸில் பார்த்தால் நடுவில் சேர்மானக் கோடு தெரியும், மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

நல்ல வருடங்களில் இன்னொரு சிக்கல் வரும், கொத்தே இருக்காது. வெள்ளைக்கோடு ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சியின் புழுக்கள் விரல் தடிமனில் கூட்டங்கூட்டமாக வந்து சாண்ட் வெர்பினாவையும் பிரிம்ரோஸையும் மொட்டையடித்துவிடும். வருத்தப்பட வேண்டாம், அந்தப் புழுக்களுக்காகவே ஸ்வெயின்சன் பருந்துகள் தங்கள் வசந்தகால வலசையில் பொரேகோவில் இறங்குகின்றன, வானத்தைப் பாருங்கள். அப்புறம் புழு எட்டாத ஓரத்தில் ஒரு கொத்தாவது மிஞ்சியிருக்கும், அதைத் தேடுங்கள்.

7. ஒரே ஒரு பூ

கொத்தின் ஓரத்தில் விரிந்த ஒரு பூவைத் தேர்ந்து, பின்னால் கறுப்பு அட்டையைப் பிடியுங்கள். நீளமான மெல்லிய குழாய், அதன் நுனி சட்டென்று தட்டையாக விரிந்து ஐந்து மடல்கள், ஒவ்வொரு மடலின் நுனியிலும் ஒரு வெட்டு. நடுவில், குழாயின் வாயைச் சுற்றி, வெள்ளையாக ஒரு கண். குழாயின் வெளிப்பக்கத்திலும் முடி இருக்கும். மகரந்தத் தாளோ சூல்முடியோ வெளியே நீட்டாது, எல்லாம் குழாய்க்குள் அடங்கியிருக்கும்.

இந்தக் கடைசி அம்சத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பூவுக்குள் எட்டு மகரந்தத் தாள்களும் சிலுவை வடிவச் சூல்முடியும் தெரிந்தால் அது பிரிம்ரோஸ் இனம். பிரிம்ரோஸுக்கு நாலு இதழ்கள், வெள்ளைப் பூ, ஆனால் வாடும்போது ரோஜா நிறமாக மாறும், அந்த வாடிய நிலையில்தான் தூரத்திலிருந்து பார்ப்பவரை ஏமாற்றுகிறது.

சின்னக் கூம்புப் பூக்கள் கொத்தாக இல்லாமல் தனித்தனியாகத் தரை முழுக்கச் சிதறி, இலை குறுகலாக இருந்தால் அது பர்ப்பிள் மேட். நாமா என்கிற பேரினம் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி). தள்ளி நின்று பார்க்க நிறம் அச்சாக ஒன்றுதான்.

உண்மையான வெர்பினா குடும்பத்துச் செடியும் ஒன்று இந்தப் பக்கம் உண்டு. கூடிங் வெர்பினா, கிளாண்டுலேரியா பேரினம். அதிலும் ஐந்து மடல், அதிலும் நுனியில் வெட்டு, அதிலும் கொத்து. பூவை வைத்துக் குழம்பினால் நாலாவது படிக்குத் திரும்புங்கள். கூடிங் வெர்பினாவின் இலை ஆழமாக வெட்டுப்பட்டுப் பிரிந்திருக்கும், சாண்ட் வெர்பினாவின் இலையில் வெட்டே கிடையாது. அது நிற்கும் இடமும் பெரும்பாலும் சரளை மண்ணும் மலைச்சரிவும்தான்.

8. காய் பாருங்கள், இல்லையென்றால் இனத்தின் பெயரை உறுதியாக எழுதாதீர்கள்

இதுவரை வந்தால் பேரினம் அப்ரோனியா என்று தைரியமாகச் சொல்லலாம். அப்ரோனியாவுக்குள் எந்த இனம் என்பதைத் தீர்ப்பது காய். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம், காரணம் காய் கவர்ச்சியாக இருக்காது, பூ இருக்கும்போது யாருக்கும் காய் கண்ணில் படாது.

எங்கே தேடுவது? தண்டின் நுனியில் மொட்டும் புதுப் பூவும்தான் இருக்கும். தண்டு வெளியே ஓட ஓடப் புதுக் கொத்துகள் வரும் என்பதால் பழைய கொத்துகள் வேர்மையத்தை ஒட்டி இருக்கும். அங்கே இலையை விலக்கிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பக்கத்துக் கிரியோசோட் புதரின் அடியில் காற்று ஒதுக்கிய குப்பையைக் கிளறுங்கள் (பாம்பு இல்லை என்று உறுதி செய்த பிறகு, குச்சியால்). விழுந்த காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் பூக்குழாயின் அடிப்பகுதியே கெட்டியாகி விதையை மூடிக்கொள்கிறது. மூக்கிரட்டையில் அந்த உறை பசையோடு நம் துணியில் ஒட்டிக்கொண்டு பயணம் போகும். சாண்ட் வெர்பினாவில் உறைக்குச் சிறகு முளைத்துக் காற்றில் உருண்டு போகும். அந்தச் சிறகுகளை எண்ணுங்கள். காயை நிமிர்த்தி மேலிருந்து பார்த்தால் எண்ண எளிது. வில்லோசாவில் பொதுவாக மூன்று முதல் ஐந்து சிறகுகள், பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழ் முக்கோணமாக, மேலே அகன்று கீழே குறுகி இருக்கும்.

இரண்டே சிறகுகளோடு இதய வடிவில் தட்டையாக இருந்தால் அது அப்ரோனியா போகொனாந்தா, மேற்கு மொஹாவியில் வளர்வது, பூ வெள்ளை முதல் வெளிர் ரோஜா வரை. சிறகு ரொம்ப அகலமாக, கண்ணாடித்தாள் மாதிரி ஒளி ஊடுருவ, காயை விடச் சிறகே பெரிதாகத் தெரிந்தால் அது டிரிப்டெரோகாலிக்ஸ் என்கிற நெருங்கிய சொந்தக்காரப் பேரினம், அதன் பாலைவன இனத்தில் பூ சின்னதாகப் பச்சையோடிய ரோஜா நிறத்தில் இருக்கும். கொத்துகளின் பூ வெளுத்து, செடியும் கொஞ்சம் நிமிர்ந்து, இடம் ஓவென்ஸ் பள்ளத்தாக்கு அல்லது மேற்கு நெவாடா என்றால் அப்ரோனியா டர்பினாட்டாவையும் கணக்கில் வையுங்கள்.

கடற்கரை இனங்களைப் பற்றி ஒரு வரி போதும். அப்ரோனியா மாரிட்டிமா, அம்பெல்லாட்டா, மஞ்சள் பூ வைக்கும் லாட்டிஃபோலியா மூன்றும் பசிபிக் கரை மணலில் இருப்பவை, பாலைக்கு நடுவே நின்றுகொண்டு அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

9. இப்போது நிறமும் வாசனையும்

நிறத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது நிலையாக இருப்பதில்லை. புதுப் பூ அடர்ந்த மெஜந்தாவாக இருக்கும், வயதானால் வெளுக்கும், அபூர்வமாக வெள்ளைப் பூ வைக்கிற செடியும் கூட்டத்தில் நிற்கும். போன் கேமரா இன்னும் மோசம், உச்சி வெயிலில் மணல் வெளிச்சத்தால் பூவை நீலமாகவோ வெளிறியோ காட்டும். உங்கள் நிழல் பூ மேல் விழும்படி நின்று படம் எடுத்தால் ஓரளவு உண்மையான நிறம் வரும்.

வாசனை நல்ல துணை. மெல்லிய இனிப்பு வாசனை, காற்று அடங்கிய காலை நேரத்திலோ பொழுது சாயும்போதோ கூட்டத்தின் நடுவே நின்றால் தானாக வரும். மதிய வெயிலில் முகர்ந்துவிட்டு வாசனை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

10. எந்த வகை: வில்லோசாவா, அவுரிட்டாவா?

வில்லோசா இனத்துக்குள்ளேயே வில்லோசா, அவுரிட்டா என்று இரண்டு வகைகள் உண்டு. பலருக்கு இது வரை வரத் தேவையில்லை. ஆனால் ரிவர்சைடு, சான் டியேகோ மாவட்டங்களின் மேற்குப் பக்கம், பாலைக்கு வெளியே ஆற்று மணலிலோ புதர்க்காட்டு மணலிலோ இந்தச் செடியைப் பார்த்தால் அவசியம் செய்யுங்கள். அங்கே இருப்பது அவுரிட்டா என்கிற வகையாக இருக்கலாம், கலிபோர்னியா தாவரச் சங்கத்தின் அரிய தாவரப் பட்டியலில் 1பி.1 நிலையில் (அரிதானது, கடுமையான ஆபத்தில் உள்ளது என்று பொருள்) இருப்பது. கட்டுமானமும் சாலையும் ஏறிவரும் நிலத்தில் இது வளர்வதால் ஒவ்வொரு சரியான பதிவும் அதற்கு உதவும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அளக்க வேண்டியது குழாயின் நீளம். பூ கொத்தோடு சேரும் இடத்திலிருந்து மடல் விரியத் தொடங்கும் இடம் வரை. பாலையின் சாதாரண வில்லோசா வகையில் குழாய் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும், அவுரிட்டாவில் அதைத் தாண்டி மூன்றரை சென்டிமீட்டர் வரைகூடப் போகும், விரிந்த முகமும் பெரிது. ஒரே பூவை அளக்காதீர்கள், கொத்தில் வயது வித்தியாசம் இருப்பதால் முழுதாக விரிந்த பல பூக்களை அளந்து எழுதுங்கள். பூவைப் பறிக்காமல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, வீட்டில் வந்து அளப்பது இன்னும் நல்லது. மாநிலப் பூங்காவிலும் தேசியப் பூங்காவிலும் எதையும் பறிக்க அனுமதி கிடையாது, விதையும் சேர்த்துத்தான்.

11. படமும் பதிவும்

குறைந்தது ஐந்து படம் எடுங்கள்: தரை தெரியும்படி முழுச் செடி, கணுவோடு ஒரு இலை ஜோடி, கொத்து பக்கவாட்டில், கறுப்பு அட்டை முன்னால் ஒரு பூ ஸ்கேலோடு, காய். எல்லாம் அதே செடியிலிருந்து. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தைப் போட்டால் கடற்கரை இனத்தின் பெயரையோ கூடிங் வெர்பினாவின் பெயரையோ அது சொல்வதைப் பார்த்திருக்கிறேன், செயலியின் மேல் தப்பில்லை, அது பார்க்க வேண்டியதை நாம் காட்டவில்லை. செயலி சொன்ன பெயரை அப்படியே ஏற்காமல் கலிபோர்னியாவின் செடிகளுக்கான ஜெப்சன் இணையத் தாவரத் தொகுப்பின் இனங்காட்டித் திறவுகோலில் (அடையாளங்களைப் படிப்படியாகத் தேர்ந்து இனத்தின் பெயரை அடையும் பட்டியல்) வைத்துச் சரிபாருங்கள். உங்கள் நோட்டில் இலை, கொத்து, குழாய், சிறகு நாலுக்கும் பதில் இருந்தால் திறவுகோல் சுலபமாக ஓடும்.

நோட்டில் தேதி, இடம், உயரம், மண் எப்படி, பக்கத்தில் என்னென்ன செடிகள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரிம்ரோஸும் மஞ்சள் பாலைச் சூரியகாந்தியும் கூட இருந்தன என்று ஒரு வரி எழுதினால், பின்னால் சரிபார்க்கிறவருக்கு அந்த இடத்தின் மண் எப்படிப்பட்டது என்று உடனே பிடிபடும்.

காய் கிடைக்கவில்லை என்றால் அப்ரோனியா என்று பேரினத்தோடு நிறுத்திப் பதிவு செய்யுங்கள். குறிப்பில் "காய் இல்லை, குழாய் இவ்வளவு" என்று சேர்த்துவிட்டு, சில வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய் காயைப் பார்த்த பிறகு இனத்தின் பெயரைச் சேர்க்கலாம்.